பெங்களூரில் பிடித்த பெரிய பார்ட்டி

கோட் போட்ட ஆளைப் பார்த்தால் தானாக எழுந்து நிற்கிற வியாதி எனக்கு உண்டு. ஒரு கல்யாணத்தில் கோட் போட்டு நின்ற கேட்டரிங்காரருக்குப் பயபக்தியோடு வணக்கம் வைத்துவிட்டு, பக்கத்தில் வேட்டி கட்டி நின்ற மாப்பிள்ளையின் அப்பாவிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னவள் நான். அந்த வியாதி முற்றி என்னைச் சந்தி சிரிக்கவைத்தது பெங்களூரில் நடந்த ஓர் உணவுக் கண்காட்சியில்.

நாங்கள் இருப்பது ஓசூரில். கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. (நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி வந்து இத்தனை வருஷமாகியும் இந்த ஊர்க் குளிருக்கு நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.) அவருடைய தங்கை கலாவுக்கு சூளகிரி பக்கம் மாந்தோப்பு. ஒரு வருஷம் காய் விலை விழுந்துவிட, கலா மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினாள்.

"ரோட்டோரமா கொட்டறதுக்கு மனசு வரல அண்ணி. ஏதாச்சும் பண்ணுங்க."

தொக்கு போட்டேன். தெரு முழுக்கக் கொடுத்தேன். எல்லாரும் ஆஹா என்றார்கள். சும்மா கொடுத்தால் எல்லாரும் ஆஹா என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. லைசென்ஸ் எடுத்து, லேபிள் அடித்து, அடுத்த வருஷக் காயையும் சேர்த்துத் தொக்காக்கிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் பாட்டில், டிவிக்குப் பின்னால் பாட்டில். கணவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து காலை நீட்டினால் ஏதாவது ஒன்று உருளும்.

அவர் பொறுத்துக்கொண்டார். கலாவின் வீட்டில்தான் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது.

"இந்த வருசமும் இப்டியே போச்சுன்னா மரத்தயெல்லாம் வெட்டிட்டு நெலத்த கம்பெனிக்காரங்களுக்கு விட்டுடலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்றாரு அண்ணி" என்றாள். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கண்காட்சி பற்றித் தெரிந்தது. விசேஷ உணவுப் பொருள் செய்கிறவர்களும், வாங்குகிற பெரிய கடைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் கூடுவார்களாம். சிறு தயாரிப்பாளர்களுக்கு ஒரு பெரிய கடையின் கொள்முதல் அதிகாரியைத் தனியாகச் சந்திக்க நேரம் ஒதுக்குவார்களாம். விண்ணப்பித்தேன். கண்காட்சியன்று மாலையில் எங்களுக்கு ஒரு சந்திப்பு கிடைத்தது.

தொழில் தொடர்புகளை வளர்ப்பது எப்படி என்று நான் பார்க்காத வீடியோ இல்லை. அதில் ஒருவர் சொன்னார்: தன்னம்பிக்கையோடு நில்லுங்கள், கேள்வி கேளுங்கள். நான் பட்டுச்சேலை கட்டி, கையில் ஃபைலோடு, கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது கலா கேட்டாள்: "அண்ணி, நான் கன்னடத்துல பேசட்டா? எனக்கு நல்லா வரும்."

"வேண்டாம். பெரிய இடம், இங்கிலீஷ்தான். நீ பையை மட்டும் பிடிச்சுக்கோ. சிரிச்சா போதும்."

(கலாவுக்கு மூன்று பாஷை சரளமாக வரும். எனக்கு ஒன்று வரும், இன்னொன்று வருகிற மாதிரி இருக்கும்.)

உள்ளே நுழையும்போதே எல்லாருக்கும் ஒரே மாதிரி துணிப்பை கொடுத்தார்கள். தொக்கு பாட்டில்களை அதில் போட்டுக்கொண்டோம். முதல் கடையில் வெளிநாட்டுச் சீஸ். எனக்குச் சீஸ் பிடிக்காது. ஆனாலும் வீடியோக்காரர் சொன்னபடி, "வாட் இஸ் யுவர் மினிமம் ஆர்டர்?" என்று கேட்டேன். கடைக்காரர் பதறி எழுந்து பதில் சொன்னார். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். நீல நிறக் கோட். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை திரும்பிக்கிடந்ததால் பேர் தெரியவில்லை. பக்கத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது: வாங்குகிறவர்.

"குட் மார்னிங் மேடம்" என்றார்.

"குட் மார்னிங் சார். டேஸ்ட் அவர் தொக்கு சார்."

ஒரு ஸ்பூன் சாப்பிட்டார். "வெரி நைஸ். வாட் இஸ் யுவர் கம்பெனி ரெக்வயர்மென்ட் மேடம்?"

"யுவர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் சார்" என்றேன். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது.

அவர் நெகிழ்ந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துச் சுவைக்கச் சொன்னார். இவர்கள் கம்பெனியில் ஜாம் ஏற்கெனவே இருக்கிறது, இனி தொக்கு தேடுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அருமை என்றேன். அவர் காபி வாங்கித் தந்தார். நான் வடை வாங்கித் தந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் மேஜையைத் துடைத்தேன். யார் யாரை அதிகம் கவனிப்பது என்று போட்டியே நடந்தது. மதியச் சாப்பாடும் அவரோடுதான். கலா சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது என்று ஜாடை காட்டினாள்.

மாலைச் சந்திப்புக்கு நேரம் நெருங்கும்போது அவருடைய போன் அடித்தது. கொஞ்சம் திரும்பிக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துப் பேசினார்.

"சாப்ட்டேம்மா. மோட்டாரு போட்டியா இல்லியா? இங்க ஒரு பெரிய பார்ட்டி மாட்டிக்கிச்சு. கம்பெனிக்காரம்மா. பை தூக்க அசிஸ்டன்ட் எல்லாம் வச்சிருக்காங்க. விட்டா போயிடுவாங்க, அப்றம் பேசறேன்."

காலையிலிருந்து இங்கிலீஷ் பேசியவர் வாயில் எங்கள் பக்கத்துத் தமிழ் வந்ததைக் கேட்டு நான் கலாவைத் திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து வாயைத் திறக்காத அசிஸ்டன்ட் அப்போது திறந்தாள்.

"எந்தூருங்ணா நீங்க?"

"பர்கூரும்மா" என்றார் பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க சூளகிரிங்ணா."

"அப்ப நீங்க வாங்கறவங்க இல்லியா?" என்றார் மெதுவாக.

"நீங்க வாங்குறவர் இல்லையா?" என்றேன் நான்.

அவர் பேர் முனிரத்தினம். பர்கூர் எங்கள் மாவட்டமேதான். சொந்த மாந்தோப்பு, சொந்த ஜாம். எங்களைப் போலவே பெரிய ஆளைத் தேடி வந்தவர். துக்கம் விசாரித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. மைக்கில் எங்கள் பேரை இரண்டாம் தடவையாகக் கூப்பிட்டார்கள். அடுத்ததாக அவர் பேரையும் கூப்பிட்டார்கள். ஆளுக்கொரு பையை வாரிக்கொண்டு ஓடினோம்.

கொள்முதல் அதிகாரி ஓர் அம்மாள். காலையிலிருந்து எதையெதையோ தின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது. நல்லவேளை, தமிழ் புரியும் என்றார். நான் மூச்சு வாங்கியபடியே பையில் கைவிட்டு, பாட்டிலைத் திறந்து, ஸ்பூனில் எடுத்து நீட்டிவிட்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். நல்ல காரம், தயிர்சாதத்துக்குப் பொருத்தம், கெடாமல் இருக்கும்.

அந்த அம்மாள் சாப்பிட்டுப் பார்த்து, "இனிப்பா இருக்கே?" என்றார்.

மனப்பாடம் செய்தவள் நிறுத்தக் கூடாதல்லவா. "முதல்ல அப்படித்தான் இருக்கும் மேடம். காரம் மெதுவா ஏறும்" என்றேன்.

அவர் காத்திருந்தார். நானும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். காரம் ஏறவில்லை. அவர் பாட்டிலைத் திருப்பி லேபிளை வாசித்தார்: "மாம்பழ ஜாம். பர்கூர்."

அதே நேரம் பக்கத்து மேஜையில் முனிரத்தினத்தின் குரல் கேட்டது. "கொழந்தைங்க பிரெட்ல திக்கா தடவி சாப்புடலாம் சார்." அவர் எதிரே இருந்த அதிகாரி ஒரு ஸ்பூன் நிறைய வாயில் போட்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். கலா தண்ணீர் பாட்டிலோடு ஓடிப்போய், கன்னடத்தில் சமாதானம் சொன்னாள். அன்றைக்கு எங்கள் தரப்பில் உருப்படியாக நடந்த ஒரே பேச்சு அதுதான்.

இரண்டு பேருக்குமே ஆர்டர் கிடைக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கலாவின் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வேன் என்றேன். கலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கை குலுங்கியது. அழுகிறாள் என்று திரும்பினால், சிரிக்கிறாள்.

"காரம் மெதுவா ஏறுமா அண்ணி?"

முனிரத்தினம் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்தார். "பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கறீங்க? நம்ம வண்டி ஓசூரு வழியாதான போவுது" என்றார். அது ஜாம் ஏற்றிவந்த சரக்கு வேன். முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு வந்தோம். பெங்களூரில் சின்னச் சின்னக் கடைகளுக்கு அவர் வாரந்தோறும் ஜாம் போடுகிறாராம். எலெக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் நின்றபோது சொன்னார்: "அடுத்த வாரம் உங்க பாட்டிலையும் ஏத்திக்கறேன். பாதி வண்டி காலியாதான் போவுது."

ஏற்றினார். முதலில் கொஞ்சம் திரும்பி வந்தது, பிறகு வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இடம் பிறந்தது. கலாவின் மரங்கள் நிற்கின்றன. அவள் வீட்டுக்காரர் இப்போது தோப்புக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறார்.

போன வருஷம் என் மகள், பெங்களூரில் தன்னோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். எந்த மாநிலமோ, என்ன பாஷையோ என்று நான் கலங்கிப்போய், பையனுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். சானமாவு என்றாள். எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்விட்டு வருகிற தூரம்.

என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அம்மா மாதிரியேதான். பக்கத்தூர்ல ஆள் புடிக்கறதுக்கு பெங்களூரு வரைக்கும் போவாங்க."