எல்லாம் கண்டென்சர்தானுங்க

கண்டென்சர் வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், எங்கள் கொழிஞ்சாம்பாறை மண்ணில் கொஞ்சம் அமோகமாகவே விளைகிறது. நோயாளி மின்விசிறியா, கிரைண்டரா, கிணற்று மோட்டாரா என்ற கவலையே அவருக்குக் கிடையாது, வாசலில் நின்றபடி காதைச் சாய்ப்பார், கண்ணை மூடுவார், தலையை இரண்டு தரம் ஆட்டுவார், தீர்ப்பு வந்துவிடும்: "கண்டென்சர் போயிருச்சுங்க." திறந்து பார்த்தாரா? எதற்குத் திறக்க வேண்டும்?

எங்கள் தனபால் இந்த இனத்தில் முதல் தரம். அவர் ஸ்கூட்டர் டிக்கியில் மழைக்கோட்டு இருக்காது, அரை டஜன் கண்டென்சர் இருக்கும். இஸ்திரிப் பெட்டிக்குள் கண்டென்சரே கிடையாது என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். "அதனாலதானுங்க கெட்டுப்போச்சு" என்றார் தனபால்.

போன ஐப்பசியில் எங்கள் பக்கத்துத் தோட்டத்து நாச்சம்மாள் மழை ஈரத்தை நம்பி அரை ஏக்கர் தக்காளி நாற்று நட்டார். நாற்று வேர்பிடிக்க மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட வேண்டும், மழையோ கைவிட்டுவிட்டது. இரண்டு மாதமாகச் சும்மா கிடந்த மோட்டாரைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறதே தவிரச் சுற்றவில்லை. வெயிலில் நாற்றெல்லாம் தலை சாய்கிறது. வயிறு எரியாதா?

தனபால் வந்தார், காதைச் சாய்த்தார், கண்டென்சரை மாற்றினார். முனகல். இன்னொன்று மாட்டினார். அதே முனகல்.

"ஏனுங் தம்பி, கோளாறு வேற எங்காச்சும் இருக்கப்போகுதுங்க. நாத்து பொசுங்குது, பாருங்க!"

தனபாலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தக் கண்டென்சரும் சரியில்லீங்க்கா. இப்பப் பாருங்க, சோதிச்சே காட்டறனுங்க" என்று அதைக் கழற்றி, இரண்டு ஒயரையும் பிளக் பாயிண்ட்டில் ஒரு நொடி செருகி உருவினார். ஒயர் இரண்டையும் உரசினால் 'பட்'டென்று பொறி பறக்க வேண்டும். பறந்தால் நல்லது, பறக்காவிட்டால் செத்தது. அதுதான் அவருடைய ஒரே சோதனை. "இது கரண்ட்டை உள்ள புடிச்சு வெச்சுக்குமுங்க்கா. பிளக்கை உட்டு எடுத்தாலும் போகாது. மோட்டார் கெளம்பறப்ப இதுதான் ஒரு தள்ளு தள்ளும்" என்று விளக்குகிற மும்முரத்தில் அந்த இரண்டு ஒயரையும் வெறுங்கையால் பிடித்துவிட்டார்.

தள்ளியது. தனபால் வாய்க்காலுக்குள் உட்கார்ந்திருந்தார்.

நாச்சம்மாள் பதறிப்போய் ஓடினார். ஆள் பேந்தப் பேந்த விழித்தாலும் மூச்சு இருந்தது. "அட சாமீ! அப்ப கண்டென்சர் நல்லாத்தானுங்களே இருக்குது!"

ஆளை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டு, மெயினை அணைத்து, மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே சுற்ற வேண்டிய தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. துருப்பிடித்து இறுகியிருந்தது. பைப் ரிஞ்சைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நெம்பினார், இளகியது. கண்டென்சரை மாட்டிப் பொத்தானை அமுக்கினார். குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு தண்ணீர். நாற்று பிழைத்தது.

தனபால் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "புதுக் கண்டென்சருங்களே, பின்ன?"

சிரிக்கிறீர்கள். நீங்கள் இந்த இனமில்லை என்கிறீர்கள். ரொம்ப நல்லது. மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை என்று நான் சொன்னேனே, அப்போது உங்கள் மனசு முந்திக்கொண்டு என்ன சொல்லிற்று?