டிவி அண்ணாவும் எங்கள் அக்காவின் கண்களும்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரு கண்ணை மூடாமல் போட்டோ எடுக்கத் தெரிந்த ஒரே மனிதர் டிவி அண்ணாதான். மறுப்பவர்கள் முதலில் எங்கள் அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

எனக்கு இந்த ஞானம் பிறந்தது ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காக அவர் கடைக்குப் போனபோது. சித்தூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில் கடை. வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். அதில் டிவி அண்ணா கைகூப்பி, இரண்டு கண்களையும் மூடிக்கொண்டு நிற்பார். வேறொரு போட்டோகிராபர் எடுத்த படம். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாவம், எப்போ தவறிட்டாரு?" என்று கடைக்குள் கேட்பார்கள்.

"போன வாரம்தான். உக்காருங்க, தலைய நேரா வெச்சிக்கோங்க" என்பார் டிவி அண்ணா.

அன்று என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். கேமராவை ஸ்டாண்டில் மாட்டினார். பிறகு கேமராவுக்குப் பின்னால் போகாமல் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் காலையில் என்ன சாப்பிட்டேன் என்று விசாரித்தார். கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையைக் கதவு மாதிரி வெளியே திருப்பி, ஓரக்கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டார். அந்தத் திரையில் என் முகம் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. லைவ் வ்யூ.

நான் அப்போதுதான் சொந்தமாக ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கி, இன்டர்நெட்டில் இருந்த அத்தனை கேமரா சண்டைகளையும் படித்து முடித்திருந்த ஆள். லைவ் வ்யூ என்பது டூரிஸ்டுகளின் விளையாட்டு, உண்மையான போட்டோகிராபர் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துத்தான் எடுப்பார் என்பது அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணா, பாக்கறதுக்கு மேல ஒரு ஓட்டை இருக்குது இல்ல?"

"இருக்குது தம்பி. வாசக்கதவுல கூடத்தான் ஓட்டை இருக்குது. கதவையே தொறந்து வெச்சிக்கினு எவனாவது ஓட்டை வழியா பாப்பானா?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நொடியில் க்ளிக். என் வாழ்க்கையில் நான் மனிதனைப் போல இருக்கும் ஒரே பாஸ்போர்ட் போட்டோ அதுதான்.

டிவி என்ற பெயர் வந்த காரணத்தை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். கேமராவைக் கை நீட்டித் தூரப் பிடித்து, மாலை நேரத்து சீரியல் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். மற்ற போட்டோகிராபர்கள் சிரிப்பார்கள். அவர் அலட்டிக்கொள்ளமாட்டார். "ஒரு கண்ண மூடிக்கினு எடுத்தா பாதிக் கல்யாணம்தான் வரும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

ஒரு கிரகப்பிரவேசம். புது வீட்டுக்குள் பசுமாடு நுழைகிறது. மற்றவர்களாக இருந்தால் தரையில் படுத்து, வெள்ளைச் சட்டையைச் சாணியில் தோய்த்து எழுந்திருப்பார்கள். டிவி அண்ணா கேமராவைத் தரையில் வைத்து, திரையை மேல் பார்க்கத் திருப்பிவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர் மாதிரி நின்றபடியே எடுத்தார். மாடு குனிந்து லென்ஸை ஒரு நக்கு நக்கியது. படம் முழுக்க நாக்கு. வீட்டுக்காரர் கோபிப்பார் என்று பார்த்தால், "லட்சுமியே வந்து நக்கிட்டாய்யா!" என்று அதையே பெரிதாக்கி ஹாலில் மாட்டிவிட்டார்.

எல்லாம் வெற்றி என்று சொன்னால் பொய். அவருடைய பழைய கேமராவில் லைவ் வ்யூ போட்டால் ஃபோகஸ் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவன் மாதிரி தேடும். குப்பம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாலை மாற்றும்போது அது தேடிக்கொண்டே இருந்தது.

"இன்னா டிவி, ஆச்சா?" என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"தேடிக்கினு கீது நைனா. இன்னொரு தபா மாத்துங்க."

மறுபடி மாற்றினார்கள். மறுபடி தேடியது. அதற்கடுத்த தடவை பெண் மாலையை மாப்பிள்ளையின் கழுத்தில் போடவில்லை, டிவி அண்ணாவின் கழுத்தில் போட்டாள்.

இத்தனையும் தெரிந்தேதான் அக்காவின் கல்யாணத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தேன். காரணம், அக்காவின் கண்கள்.

எங்கள் அக்காவுக்குக் கேமராவைக் கண்டால் இமை தானாக மூடிக்கொள்ளும். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் தூங்குகிறாள். ஆதார் கார்டில் தியானம் செய்கிறாள். பெண் பார்க்க அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குக் கண்ணு பார்வை நல்லாத்தானே இருக்குது?" என்று தரகரிடம் ஆள் விட்டுக் கேட்டார். அக்கா அன்று சிரித்து மழுப்பினாள். பிறகு என்னைத் தனியாகப் பிடித்து, "டேய், என் கல்யாணத்துல ஒரே ஒரு போட்டோலயாவது நான் முழிச்சிக்கினு இருக்கணும்டா. நாளைக்கு யாராவது ஆல்பத்தப் பாத்தா, பொண்ணுக்கு இஷ்டமில்லாம கட்டி வெச்சிட்டாங்கன்னு நெனைப்பாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

கங்காதர நெல்லூரில் இருந்த எங்கள் உறவு முழுக்க எதிர்ப்பு. "திருப்பதி மண்டபத்துல கல்யாணம். அங்க போய் இந்த டிவிக்காரனா?" என்றார் மாமா. எங்கள் அப்பாவான நைனா மட்டும் என்னைப் பார்த்து, "நீ பொறுப்பு" என்றார்.

நாங்கள் வீட்டில் தமிழ் பேசினாலும் கல்யாணச் சடங்கெல்லாம் தெலுங்குக்காரர்களுடையதுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார, நடுவில் ஒரு திரைத்துணியைப் பிடிப்பார்கள். முகூர்த்த நேரத்தில் சீரகமும் வெல்லமும் அரைத்த விழுதை ஒருவர் தலையில் ஒருவர் வைத்த பிறகுதான் திரை இறங்கும். அதற்கு முன்னால் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது.

காலையிலிருந்து எடுத்த படங்களில் எல்லாம் அக்கா மூடிய கண்ணோடுதான் இருந்தாள். மேக்கப், ஊர்வலம், கௌரி பூஜை, எதிலும் இமை திறக்கவில்லை. போதாக்குறைக்கு, டிவி அண்ணாவின் கேமராத் திரையை முன்பக்கம் திருப்பினால் தங்கள் முகம் தெரிகிறது என்பதை எங்கள் சித்திகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "ஒரு நிமிஷம் இரு டிவி" என்று அதில் பார்த்தே பூ வைத்துக்கொண்டார்கள், பொட்டைச் சரி செய்துகொண்டார்கள். அவரும் கேமராவைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றார். லைவ் வ்யூ பேட்டரியை எப்படிக் குடிக்கும் என்பது எனக்குத் தெரியும். முகூர்த்தம் நெருங்கும்போது திரையின் மூலையில் பேட்டரி அடையாளம் சிவப்பாகக் கண் சிமிட்டியது.

"அண்ணா, வேற பேட்டரி?"

"பையில கீது."

"பை?"

"கார்ல கீது."

"கார்?"

"தயிர் வாங்கப் போய்க்கினு கீது."

அதற்குள் திரைத்துணியைப் பிடித்துவிட்டார்கள். சுற்றிலும் மாமாக்கள், செல்போன்கள், கோட்டைச் சுவர் மாதிரி முதுகுகள். டிவி அண்ணா உயரத்தில் என் தோளுக்கு வருவார். மாப்பிள்ளை வீட்டார் கூட்டி வந்த வ்யூஃபைண்டர் பேர்வழிகள் ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர் மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று, கேமராவை ஒரு நீளக் கோலில் மாட்டி, கொடி ஏற்றுவதுபோலத் துணிக்கு மேலே உயர்த்தினார். லென்ஸ் அந்தப் பக்கம் அக்காவைப் பார்த்தது. திரையைத் தனக்குத் தெரியும்படி கீழே சாய்த்திருந்தார். கையில் ரிமோட் ஒயர்.

சாய்த்த திரை அவருக்கு மட்டுமா தெரியும்? கீழே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அண்ணாந்து பார்த்தார். துணிக்கு அந்தப் பக்கம் இருந்த மணப்பெண், தலைகுனிந்து, கண்ணை மூடி, உதட்டைக் கடித்தபடி, முழுசாக அவர் தலைக்கு மேலே ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்ததை முதலில் பார்த்தது அவருடைய பெரியம்மா. "அய்யய்யோ, சூசேசாடு! முகூர்த்தத்துக்கு முன்னாடியே பொண்ணப் பாத்துட்டான்!"

மண்டபம் அல்லோலகல்லோலப்பட்டது. "கேமராவ எறக்குய்யா!" என்று மாமா கத்தினார். நைனா என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். டிவியில் பார்ப்பது பார்த்த கணக்கில் சேருமா சேராதா என்று இரண்டு வீட்டாரும் வழக்காடத் தொடங்கினார்கள்.

"ஏமய்யா டிவி, இன்னா இது?" என்றார் புரோகிதர்.

"நேர்ல பாக்கல சாமி. ஒளிபரப்புதான் பாத்தாரு."

மாப்பிள்ளையால் அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டார். "விடுங்க பெரியம்மா. ஆனா அந்தப் பொண்ண எழுப்புங்க, தூங்கிக்கினு இருக்குது!"

துணிக்கு அந்தப் பக்கம் அக்காவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. "யாரு தூங்கறது?" என்ற கோபமும், அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற வெட்கமும், பொங்கி வந்த சிரிப்பும் ஒன்றாகச் சேர்ந்து, அவள் மேலே பார்த்தாள். இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன.

அன்றைக்கென்று ஃபோகஸ் தேடவில்லை. க்ளிக். அடுத்த நொடி திரை இருண்டது.

அந்த ஒரு படம்தான் இன்று அக்கா வீட்டு ஹாலில் சுவரை அடைத்துக்கொண்டு இருக்கிறது. வழக்கை முதலில் ஆரம்பித்த பெரியம்மாவே வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, "எங்க பையனப் பாத்துச் சிரிச்சது" என்கிறார். நைனா அன்று பந்தியில் டிவி அண்ணாவுக்குத் தன் கையால் இன்னொரு லட்டு வைத்தார்.

அன்று மட்டும் கண் எப்படித் திறந்தது என்று பிற்பாடு அக்காவிடம் கேட்டேன். "கேமரா வந்தா எடுக்கறவங்க முகமே காணாமப் போயிடுதுடா. கறுப்பா ஒரு வட்டம்தான் என்னப் பாக்குது. பயத்துல கண்ணு மூடிக்குது. அன்னிக்கி அந்தப் பக்கம் ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சுது" என்றாள். டிவி அண்ணா ஏன் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதே இல்லை என்பது எனக்கு அப்போது புரிந்தது. இப்போதெல்லாம் நானும் கேமராவை மார்போடு வைத்து, திரையைத் திருப்பிக்கொண்டு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டேதான் எடுக்கிறேன்.

ஆனால் அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் அப்படியே தொங்குகிறது. போன மாதம்கூட ஒருவர் அதற்குக் கீழே பூ வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "உங்கள நான் எடுக்கறேன்ணா" என்றால், "எனக்கு எதுக்கு தம்பி, என் கண்ணு தொறந்து நிக்காது" என்று நழுவுகிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் அவள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போகிறேன். ஸ்டாண்டில் கேமரா, வெளியே திருப்பிய திரை, பக்கத்தில் அவருக்குப் பிடித்த முகங்கள். எத்தனை பேட்டரி தீர்ந்தாலும் சரி, அவர் கண்ணைத் திறக்கும்வரை நான் அந்தச் சந்திலிருந்து நகரப்போவதில்லை.