நாடு ஒட்டுகிறவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. பெயர், நாடு ஒட்டுகிறவர். இரண்டு காகிதங்கள் அருகருகே கிடந்தால் ஓரங்கள் சேருகின்றனவா என்று பார்க்காமல் இவரால் அந்த இடத்தைக் கடக்க முடியாது. தரை ஓட்டில் கோட்டுக்குக் கோடு ஒத்துவராத வீட்டில் இவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. ஆனால் இவர் ஒட்டுவது ஓடு இல்லை. உலகத்திலேயே இல்லாத நாடுகளின் வரைபடங்கள்.

இல்லாத நாட்டுக்கு வரைபடமா என்கிறீர்கள். நானும் ஒருமுறை வாயைத் திறந்து கேட்டேன். அரை நாள் போயிற்று. உங்கள் அரை நாளை நான் மிச்சப்படுத்துகிறேன்.

சில பேர் வாரத்துக்கு ஒருநாள் கூடி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்களில் ஒருவர் ராஜா, ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். சண்டை வாயால், வெற்றி தோல்வி பகடையால். சீட்டாட்டம் மாதிரி ஒரே மாலையில் முடிகிற சங்கதி இல்லை, ஒரே கதை ஏழு வருஷம் ஓடும். விளையாட்டைத் தயாரித்தவர்கள் அந்த மாய உலகத்துக்குத் தபால்தலை அளவில் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஆடுகிறவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். விடுவார்களா? ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, காடும் மலையும் கோட்டையுமாக வரைந்து தள்ளி இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். ஒருவர் கடல் போட்ட இடத்தில் இன்னொருவர் பாலைவனம். ஒருவருக்கு வடக்கு மேலே, ஒருவருக்கு இடது பக்கம், மூன்றாமவர் வடக்கையே மறந்துவிட்டார். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். உலகம் நாற்பத்தொரு துண்டாகப் பட்டால்? நம் ஆளுக்குத்தான் கொண்டாட்டம்.

நான் சொல்கிற ஆசாமி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் கதை எனக்கு எப்படித் தெரியும்? இந்த வட்டாரத்திலேயே பெரிய அச்சு எந்திரம் என்னுடையது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்துவிட்டு, ஒரு கடையில் மைக்கறை துடைக்கிற வேலைக்குச் சேர்ந்து, கடைசியில் அந்தக் கடையையே வாங்கியவன் நான். பிறந்தநாள் வாழ்த்திலிருந்து இரங்கல் அறிவிப்பு வரைக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் என் எந்திரத்தைத் தாண்டித்தான் வெளியே வரும். பெரிய படிப்பாளிகள் விடுகிற பிழைகளை நான்தான் திருத்துகிறேன் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். கடைக்கு வந்தவர் கண்ணில் சோதனைக் கண்ணாடியை மாட்டி, "எழுத்து தெரியுதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மேசைக்கடியில் கைபேசியை எடுத்து, ஒரு கரையோரத்தை எட்டு மடங்கு பெரிதாக்கி, அங்கே ஓர் ஆறு மலை மேல் ஏறுவதைக் கண்டு, "அடப்பாவி!" என்று பல்லைக் கடித்து, தன்னைத்தான் திட்டுகிறார் என்று கண்ணாடி போட வந்தவர் எழுந்து போகும் வரைக்கும் நிமிரமாட்டார். முன்பின் பார்த்திராத மனிதர்களுக்குக் கடிதம் போடுவார். "ஐயா, தங்கள் ஆற்றை அரை அங்குலம் கிழக்கே தள்ள முடியுமா? பக்கத்து நாட்டுப் பாலம் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது." பதில் வரும்: "அந்த ஆறு ஓர் அரக்கியின் கண்ணீர். அவளைக் கேட்டுக்கொள்ளவும்." இவர் சளைப்பாரா? அரக்கி எந்தக் கண்ணால் அழுதாள் என்று திருப்பிக் கேட்பார். நாற்பத்தொரு படங்களில் நாற்பத்தொரு விதமான நீலக் கடல். எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு நாற்பத்திரண்டாவதாக ஒரு நீலத்தை இவரே கண்டுபிடித்தார். கேட்டால் கையை விரிப்பார்.

"நான் எதையும் சேர்க்கறதும் இல்ல, எடுக்கறதும் இல்ல. ஒட்டறேன். அவ்வளவுதான்."

இந்த இனத்தின் வேதவாக்கு இது. எங்கே கேட்டாலும் உஷாராகுங்கள்.

மூன்று வருஷம் ஒட்டினார். முடிந்ததும் என்னிடம் வந்தார். எட்டடிக்கு ஆறடி. என் எந்திரத்தின் அகலம் ஐந்தடிதான். இரண்டு பட்டையாக அச்சிட்டு, நானே என் கையால் இணைத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்து அந்த இணைப்பைக் கண்டுபிடிக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை. இவர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். பரவாயில்லையாம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூட்டத்தின் ஆட்டம் அவர் வீட்டில். பெருமையாக என்னையும் கூப்பிட்டிருந்தார். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, கூடத்துத் தரையில் படத்தை விரித்தார். கதை நடத்துகிற நர்ஸம்மா வாயைப் பிளந்தார். மரத்துக்கு மரம் அவர் வரைந்திருந்த காடு முழுசாக அங்கே இருந்தது. "என் ஆந்தை மரம்கூட இருக்கு சார்!" கைதட்டல். கண்ணாடிக்காரரின் மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிங்கன்னு மூணு வருஷமா சொல்றேன். உலகத்துக்கே அடிச்சு முடிச்சிட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் தங்கள் தங்கள் நாட்டைக் கண்டுபிடித்தாயிற்று, ஒருவரைத் தவிர. அவர் கண்ணாடிக்காரரின் மச்சான், மனைவியின் அண்ணன். லிஃப்ட் பழுது பார்ப்பது தொழில். ஏழு வருஷமாக அந்த விளையாட்டில் ஒரு சமவெளி நாட்டுக்கு ராஜா. தன் நாட்டைத் தானே ஒன்றரை அடிக் காகிதத்தில் வரைந்து கொடுத்திருந்தார். இப்போது தரையில் முழங்காலிட்டுக் கிழக்கும் மேற்கும் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"மாப்ள, என் நாடு எங்க?"

"அதோ மச்சான், அந்த ரெண்டு மலைக்கும் நடுவுல. அழகா உக்காந்திருக்கு பாருங்க."

மச்சான் பார்த்தார். கையை விரித்து அதன்மேல் வைத்தார். நாடு மறைந்துவிட்டது.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையை எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஓர் அரசாங்கமே தேய்ந்து நிற்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"இது என்னடா, கைக்குட்டையா?"

"அளவுகோல் மச்சான். எல்லார் படத்துலயும் ஒரு அங்குலம்னா ஒருநாள் குதிரைப் பயணம். உங்க படத்துல ஒரு அங்குலம் ஒருநாள் நடை. குதிரை ஒருநாள்ல போறதை மனுஷன் மூணு நாள் நடக்கணும். அதனால மூணுல ஒரு பங்கு ஆயிடுச்சு. நான் எதையும் எடுக்கல..."

"நடைன்னு நான் எங்கடா எழுதினேன்?"

"எழுதல. வரைஞ்சிருக்கீங்களே. சாலையில அங்குலத்துக்கு ஒரு சத்திரம். ஒவ்வொரு சத்திரத்து வாசல்லயும் ஒரு ஆடு கட்டியிருக்கு. ஆடு ஓட்டிட்டுப் போறவன் நடந்துதானே போவான்?"

நர்ஸம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"மாப்ள," என்றார் மச்சான், ரொம்ப மெதுவாக. "அது குதிரை."

"கொம்பு இருக்கே?"

"காது!"

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவர், சொந்த மச்சான் வரைந்த குதிரையை ஆடு என்று எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் யாரும் சிரித்திருக்கக் கூடாது. நான் சிரித்துவிட்டேன்.

மச்சான் எழுந்தார். "நாள் பூரா மூணடிக்கு மூணடி குழியில நின்னு வேலை பாக்கறவன் நான். நிமிர்ந்தா மேல இருபது மாடி இருட்டு. வாரத்துல இந்த ஒருநாள்தான் எனக்குன்னு விரிஞ்ச நாடு ஒண்ணு இருந்துச்சு. அதையும் சுருட்டிட்ட. நீயே ஆளு, நீயே ஆடு மேய்." செருப்பை மாட்டினார், போய்விட்டார். தங்கை வாசல் வரைக்கும் ஓடினார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கதையில் மச்சானின் படை ஒரு கோட்டையை வளைத்துக்கொண்டு நிற்கிறது. ராஜா இல்லாமல் முற்றுகையை எப்படி முடிப்பது? நர்ஸம்மா இரண்டு வாரம் மழை பெய்ய வைத்து ஒப்பேற்றினார். மூன்றாவது வாரம், "இதுக்கு மேல பெஞ்சா கோட்டையே கரைஞ்சிடும் சார். அண்ணா வரலேன்னா ஆட்டத்தைக் கலைச்சிட வேண்டியதுதான்" என்றார். கண்ணாடிக்காரர் வீட்டில் அதற்குமேல். தங்கை கூப்பிட்டால் அண்ணன் போனை எடுப்பதில்லை. இங்கே சாப்பாட்டுத் தட்டு மேசையில் தானாக வந்து உட்காரும், கூடவே ஒரு வாக்கியம்: "எங்க அண்ணனை ஆட்டுக்காரனாக்கிட்டீங்க."

இந்த இனத்தான் அப்போது என்ன செய்வான்? மன்னிப்புக் கேட்பானா? கணக்குப் போடுவான். எட்டுப் பக்கக் கணக்கோடு என் கடைக்கு வந்தார். "மச்சான் நாட்டை மூணு மடங்காக்கினா நர்ஸம்மா காடு போயிடும். காட்டைத் தள்ளினா மலை தள்ளணும். மலையைத் தள்ளினா ஆறு அறுந்துடும். ஆறு அறுந்தா பதினேழு படம் பிரிஞ்சுடும். மூணு வருஷ உழைப்பு, முதலாளி!"

நான் படிக்காதவன். எட்டுப் பக்கம் எனக்கு எதற்கு? அவர் கையிலிருந்த மச்சானின் படத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் சத்திரத்து வாசலில் ஆடு. இரண்டாவதிலும் ஆடு, தாடிகூட இருந்தது. மூன்றாவதில் அதன் முதுகில் சேணம்.

"சார், இதுல சேணம் இருக்கே. பாக்கலையா?"

அவர் வெளியே தெருவைப் பார்த்தார்.

"பாத்தேன். குதிரையா இருக்குமோன்னு தோணுச்சு," என்றார். "ஆனா ஆடுன்னு வெச்சா சரியா உக்காந்துச்சு."

"இதை என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றேன். எட்டுப் பக்கத்தையும் என் மேசையிலேயே விட்டுவிட்டு நேராக மச்சான் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் போனார். அங்கே நடந்ததை இருவர் வாயாலும் கேட்டுவிட்டேன். தான் குழிக்குள்ளேயே இறங்கியதாகக் கண்ணாடிக்காரர் சொல்கிறார். அவர் தரைத்தளத்து வாசலில் நின்று எட்டித்தான் பார்த்தார் என்று மச்சான் சொல்கிறார். நான் அவரைப் பாதி ஏணியில் நிற்க வைத்திருக்கிறேன்.

"மச்சான்."

"வேலை நேரம். தலை நசுங்கும், போ."

"அது குதிரைன்னு எனக்குத் தெரியும்."

கீழே திருப்புளிச் சத்தம் நின்றது. "எப்பலேர்ந்து?"

"மூணாவது சத்திரத்துலேர்ந்து."

"முதல் ரெண்டுல?"

"அதுல நெஜமாவே ஆடுதான் மச்சான். தாடி இருக்கு."

"அது கடிவாளம்டா!"

குழிக்குள் ஒருவர் சிரித்தால் இருபது மாடிக்கும் கேட்கும் போலிருக்கிறது. மேல் மாடிகளில் கதவைத் திறந்து என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்களாம்.

அந்த ஞாயிறு மச்சான் வந்தார். கண்ணாடிக்காரர் தன் கையாலேயே அந்த ஒன்றரை அடிக் காகிதத்தை எட்டடிப் படத்தின்மேல் வைத்து, நான்கு மூலையிலும் ஒட்டினார். நர்ஸம்மாவின் காடு அடியோடு மறைந்தது. மலையில் பாதி காணோம். ஆறு ஒன்று அந்தரத்தில் வந்து நின்றது.

"உன் காடு போச்சேம்மா," என்றார் மச்சான்.

"போகல அண்ணா. உங்க நாட்டுக்கு அடியில இருக்கு. பாதாளக் காடு. இனிமே உங்க ஆளுங்க கிணறு தோண்டினா ஆந்தை வரும். பகடையை உருட்டுங்க."

மச்சான் உருட்டினார். கோட்டை விழுந்தது. தங்கை அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து, காகிதத்தை மிதிக்காமல் சுற்றி வந்து கொடுத்தார். கண்ணாடிக்காரர் மட்டும் அறுந்த ஆற்றைப் பார்ப்பதும், கண்ணை மூடுவதும், மறுபடி பார்ப்பதுமாக இருந்தார். பத்தியத்தில் இருப்பவனுக்கு விருந்தில் இடம் போட்ட மாதிரி.

சிரிக்கிறீர்கள். ஆட்டமும் பகடையும் நமக்கு எதற்கு, நாம் உண்டு நம் வேலை உண்டு என்கிறீர்கள். இருக்கட்டும். உங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே சண்டையை இரண்டு விதமாகச் சொன்னார்களே, நீங்கள் நடுவில் புகுந்து, "நடந்தது இதுதான்" என்று இரண்டையும் ஒரே கதையாக்கி முடித்துவைத்துவிட்டு, பெரிய காரியம் செய்த நிம்மதியில் காலை நீட்டிப் படுத்தீர்களே, அன்றைக்கு ஒருவர் பதில் பேசாமல் எழுந்து உள்ளே போனாரே, அவரை நினைவிருக்கிறதா? அவருக்குச் சம்மதம் என்றுதானே எடுத்துக்கொண்டீர்கள்?

அப்படி எடுத்துக்கொண்டால் சரியாக உட்காருகிறது. இல்லையா?