காரீயமும் கைதட்டலும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்க வேண்டிய நாள், அந்த உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மாபெரும் அறிவியல் கூடத்துக்குள் காலடி வைத்த நாள்தான். திட்டத்தின் பெயர் 'கைகளால் அறிவியல்'. முதல் விதி: எதையும் கையால் தொடக் கூடாது.

வந்தவர்களில் ஒருத்திக்குத் 'துருவி' என்று பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள். கூடத்தின் இயக்குநர் ஆராய்ச்சியின் மகத்துவத்தை விளக்கி முடிக்கும்வரை அவள் கைகளுக்கும் கிடைத்த ஒரே வேலை, தட்டுவது.

பிறகு ஆய்வு. விளையாட்டு மைதானத்தையே வளைத்துப் போட்ட மாதிரி ஓர் இயந்திரம். அதன் எக்ஸ் கதிர் காய்ந்த நீர்த்துளி ஒன்றில் பட்டால் போதும், உள்ளே ஒளிந்திருக்கும் உலோகமெல்லாம் திரையில் வந்து ஆஜராகிவிடும். சோதிக்க வேண்டியது பள்ளிக் குழாய்த் தண்ணீர். தலைமையாசிரியர் முன்யோசனை உள்ளவர். பள்ளி ஆய்வகத்திலிருந்து காய்ச்சி வடித்த நீரைக் கொண்டுவந்திருந்தார். 'எங்கள் நீர் தூய நீர்' என்று பேனரும் அடித்தாயிற்று.

"சார், இது நம்ம குழாய்த் தண்ணி இல்லையே?"

"தண்ணின்னா எல்லாம் தண்ணிதாம்மா. ஆராய்ச்சின்னு வந்துட்டா இந்தச் சின்ன விஷயத்தையெல்லாம் பார்க்கக் கூடாது."

துருவியின் தங்கை ஆறாம் வகுப்பு. அந்தக் குழாயில் வாய் வைத்துத்தான் குடிப்பாள். கொஞ்ச நாளாக ஓயாத வயிற்றுவலி.

பெரியவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் நேரம் பார்த்து, துருவி தன் பையிலிருந்த குப்பியை இயந்திரத்தைக் கவனிக்கும் பெண் விஞ்ஞானியிடம் நீட்டினாள்.

"அக்கா, இதுல ஒரு துளி பார்க்கலாமா? ஸ்கூல் குழாய்ல பிடிச்சது."

"அதுக்குத்தானே வந்திருக்கீங்க! காய வச்சுத் தரேன், நீயே உள்ள வை."

வைத்தாள். விதி உடைந்தது, அறிவியல் ஆரம்பமானது. திரையில் ஒரு கோடு கொம்பு மாதிரி எழும்பியது. விஞ்ஞானியின் முகம் மாறியது.

"இன்னொரு துளி வை."

மறுபடியும் அதே கொம்பு. "இது ஈயத்தோட கோடும்மா," என்றாள் விஞ்ஞானி. துருவி நேரே தலைமையாசிரியரிடம் ஓடினாள்.

"சார், நம்ம தண்ணியில ஈயம் இருக்கு!"

"இருக்கட்டுமே. பாத்திரத்துக்கே பூசுறாங்க."

"அது வெள்ளீயம் சார். இது காரீயம். குழந்தைங்க மூளைக்கு ஆகாது."

"வெள்ளை, கறுப்புன்னு நிறத்தை வச்சுப் பேதம் பார்க்கலாமா? இதுதான் நம்ம பள்ளி உனக்குச் சொல்லிக்கொடுத்ததா?"

இந்தச் சமத்துவ நோக்கில் இயக்குநர் நெகிழ்ந்தே போனார். அரங்கம் அதிரக் கைதட்டல். துருவி மட்டும் தட்டவில்லை.

மறுநாள் துருவி, விஞ்ஞானி அச்செடுத்துக் கொடுத்த அந்தக் கொம்புக் கோட்டின் படத்தைப் பள்ளிக் குழாய்க்கு மேலே ஒட்டினாள். தங்கையோடு நின்று, வந்த பிள்ளைகளையெல்லாம் விரட்டினாள். "சுவரின் அழகைக் கெடுத்த குற்றத்துக்காக" படம் கிழிக்கப்பட்டது. துருவி தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்க வைக்கப்பட்டாள்.

ஆனால் அவர் அறிவியலை மதிக்காதவர் என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசிவிடக் கூடாது. அவள் கண்ணெதிரிலேயே சுத்திகரித்த தண்ணீர் கேன் ஒன்று வந்து இறங்கியது, அவர் அறைக்கு மட்டும்.