குச்சி மாமாவின் பெட்ரோல் ஸ்ட்ரைக்

சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்று சொன்னால், "ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்கக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ராகலை ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் குச்சி மாமா.

காரணம், அவர் சட்டைப் பையை விட்டு இறங்காத ஒரு குச்சி. காய்ந்த தேயிலைக் கிளையைச் சீவி, பிளேடால் கோடு கோடாகக் கீறியது. பெட்ரோல் செட்டில் எண்ணெய் அடித்து முடித்த அடுத்த நொடி அதை டாங்கிக்குள் விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு பம்ப் பிடிக்கும் சுனிலிடம் திரும்புவார்.

"சுனில், கழிவு எவ்வளவு போட்ட?"

"அண்ணே, இது பெட்ரோல். கொழுந்து இல்ல."

"கொழுந்துக்கும் மொதல்ல இப்பிடித்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னானுங்க."

தன் அம்மா பறித்த தேயிலைக் கொழுந்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று தராசடியில் கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். முள் இருக்கும் எதையும் நம்பமாட்டார். தராசு, பம்ப், கைக்கடிகாரம், எல்லாம் ஒரே கூட்டம்.

பட்டத்தை முடித்துவிட்டு வேலைக் கடிதத்துக்குக் காத்திருந்த நான், அப்பாவின் ஆட்டோவுடன் ஸ்டாண்டில் ஏழாவது ஆளாகச் சேர்ந்தபோது மாமா பெட்ரோல் விலைக்கு எதிராகத் தனி யுத்தமே நடத்திக்கொண்டிருந்தார். தனி ஆளை ஏற்றமாட்டார். "ஒத்த ஆளுக்கு ஒரு இஞ்சினா? இன்னும் ரெண்டு பேரக் கூட்டியாங்க" என்பார். இறக்கம் வந்தால் இஞ்சினை அணைத்துவிடுவார். சத்தமில்லாமல் வரும் ஆட்டோவைக் கண்டு ஆட்கள் அலறினார்கள். அதற்காகப் பூசை மணி ஒன்றைக் கட்டினார். பனிக்குள்ளிருந்து மணியோசை வர, வளைவில் நின்ற பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்த வேலையை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். உங்களுக்கு அவர் கைப்பழக்கம் இல்லை.

இத்தனை கூத்துக்கும் பின்னால் பாக்கியம் அக்கா இருந்தார் என்பது ஸ்டாண்டுக்கே தெரியும். தோட்டத்து மேல் டிவிஷனில், லயம் என்னும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருப்பவர். சிறுநீரகம் பழுதாகி, வியாழன்தோறும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கூட்டிப்போய்க் கூட்டிவருவது மாமாதான். போன தடவை விலை ஏறியதும் அக்கா, "இன்னொரு வாட்டி ஏறினா நான் பஸ்ஸுலயே போயிக்கிறேங்க" என்றார். ஏற்கெனவே ஒருமுறை பஸ்ஸில் மயங்கி விழுந்தவர். மாமா காசு வேண்டாம் என்றால் ஏறவே மாட்டார். "இனாமா போக நான் என்ன கோயில் தேரா?"

ஆக, அக்காவை ஆட்டோவில் ஏற்ற ஒரே வழி நாட்டில் பெட்ரோல் விலையை இறக்குவது. மாமா அதையும் செய்துவிடுவதாக முடிவெடுத்தார்.

"தோட்டத்துல பெரட்டுக்குப் போகாம நின்னா என்னா நடக்கும்?"

"வேலை நிக்கும்" என்றேன். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களம் காலியாகக் கிடந்தால் துரைக்கு வியர்க்கும். அது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

"தொர எறங்கி வருவாரா இல்லையா? அதே மாதிரி செட்டுக்குப் போகாம நின்னா வெல எறங்கி வரும். மாசக் கடைசில வெல மாத்துவானுங்க. அதுக்கு முந்தின ஏழு நாளும் ஒருத்தனும் அடிக்கக் கூடாது."

வாங்குவது குறைந்தால் விலை இறங்கும், இதைத்தானே மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் கேள்வி, நிரம்பல் என்று படித்தேன்! வாட்ஸ்அப் குழு திறந்தேன், சுவரொட்டி எழுதினேன், சுனிலிடமே போய் நோட்டீஸ் கொடுத்தேன். "ஏழு ஆட்டோ வராட்டி நான் டீ குடிக்கலாம், மல்லி" என்று, சிங்களத்தில் தம்பி முறை வைத்து, அவன் மனமார வாழ்த்தினான்.

திங்கட்கிழமை ஸ்ட்ரைக் தொடங்கியது. மாலையானதும் மாமா குச்சியோடு வரிசையாக வந்து, ஏழு டாங்கிகளையும் சோதிப்பார். ஈரம் ஒரு கோடு கூடியிருந்தால் கருங்காலி. அவர் எங்களைச் சந்தேகப்பட, நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம். பெட்ரோல் வாசம் வருகிறதா என்று நான் அப்பாவின் சட்டையைக்கூட முகர்ந்து பார்த்தேன்.

புதன் மாலை எல்லா டாங்கியும் அடி தட்டியது. மாமாவின் டாங்கியில் குச்சி நுனி மட்டும் நனைந்தது. நாளைக்கு வியாழன். அக்கா எப்படிப் போவார் என்று ஸ்டாண்டே தலையைச் சொறிந்தது. மாமா மட்டும் விசிலடித்துக்கொண்டு போனார். அங்கேதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

மறுநாள் காலையில் அவர் ஆட்டோ மணியோசை இல்லாமல் ஏற்றத்தில் உறுமிக்கொண்டு வந்தது. நான் குறுக்கே போய் நின்று, அவர் சட்டைப் பையிலிருந்து குச்சியை உருவி டாங்கிக்குள் விட்டேன். பாதிக்கு மேல் ஈரம்.

"தலைவரே கருங்காலி!" என்று கத்தினேன். ஆறு பேரும் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டோம்.

மாமா சீட்டுக்கடியிலிருந்து காலி கேன் ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஞாயித்துக்கெழம வாங்கினது. ஸ்ட்ரைக்கு திங்கக்கெழமதானே?"

"ஏன் மாமா ஒளிச்சு வச்சீங்க?"

"கேன் இருக்குறது தெரிஞ்சா நீங்க வியாழன் வரைக்கும் அதைக் கேக்காமத் தாங்குவீங்களான்னு சந்தேகம். நானே தாங்குவேனான்னும் சந்தேகம். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயாகணும், அதுல மட்டும் சந்தேகமில்ல. தள்ளி நில்லுடா, நேரமாச்சு."

தள்ளி நின்றேன். குச்சியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாதக் கடைசியில் விலை குறைந்தது. கொஞ்சம்தான், ஆனால் குறைந்தது! ஏழு ஆட்டோவால்தான் என்று நான் சொல்லமாட்டேன். இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாங்கள் பட்டாசு கொளுத்த, மாமா மட்டும் செட்டின் விலைப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"கொறச்சிருக்கானுங்கன்னா என்னமோ இருக்கு."

எனக்கு வேலைக் கடிதம் வந்து ஸ்டாண்டை விட்ட பிறகும், வியாழன்களில் அந்த ஆட்டோவை வழியில் பார்ப்பேன். யாரையும் நம்பாத மனிதர் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார். பின்சீட்டில் பாக்கியம் அக்கா வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். நுவரெலியா வீதியின் அந்த வளைவுகளில் வேறு எந்த ஆட்டோவிலும் ஒருவர் தூங்கி நான் பார்த்ததில்லை.