சாப்பாட்டு அறைக்கு வெளிச்சம் வந்த வரலாறு

ஒரு வீட்டில் சாப்பாட்டு அறை என்று ஒன்று இருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம். தப்பாக இருந்தால் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் நாலு பேர். வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய்விடுவார். மகள் கட்டிலில் சம்மணம் போட்டு, ஒரு கையில் போன், ஒரு கையில் சோறு. வீட்டுக்காரரின் அக்கா, கணவர் போன பிறகு எங்களோடு வந்து இருப்பவர், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். நான் சமைத்ததில் என்ன குறை என்று நிதானமாகக் கண்டுபிடிக்க அவருக்குத் தனிமை வேண்டும். நான் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே சட்டியில் மிச்சம் இருப்பதை வழித்துப் போட்டுக்கொள்வேன். ஒரே வீட்டில் நாலு ஓட்டல். சப்ளையர் மட்டும் ஒருத்தி.

ஒரு வேளையாவது நாலு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டோமா என்பது என் ஏக்கம். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்குக் கிடையாது. மகளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டால் அப்புறம் யாரைக் கூப்பிட்டு உட்கார வைப்பது என்கிற பயம் வேறு, படுத்தால் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேட்டால் மூன்று பேரும் எல்லா விஷயத்திலும் சண்டை போடுகிறவர்கள், இதில் மட்டும் ஒரே பதில் சொல்வார்கள்: "அந்த ரூம் ஒரே இருட்டு."

அது உண்மைதான். மூக்குப்பொடி நிறத்தில் சுவர். சாகவும் மனமில்லாமல் வாழவும் தெம்பில்லாமல் தொங்கும் ஒரு பல்ப். ஒரு ஜன்னல் இருக்கிறது, பெரிய ஜன்னல்தான், ஆனால் அதன் முன்னால் இரும்பு பீரோ. வீட்டுக்காரரின் அலுவலகத்தில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. சுமந்து வந்தவர்கள் மூச்சு வாங்கி எங்கே இறக்கினார்களோ அதுவே அதன் இடமாகிவிட்டது. உள்ளே பழைய நியூஸ் பேப்பரும், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகளும் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு நாள் டிவி ரிப்பேர். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரர் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தார். பொரியலில் பீன்ஸ் என்று நினைத்துப் பச்சை மிளகாயை எடுத்து, மென்று, விழுங்கியும் விட்டார். விக்கல் நிற்க ஒரு செம்புத் தண்ணீர் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு ஒரு வழி பண்ணியே ஆகணும்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அந்த பீரோவை நகர்த்தினா ஜன்னலைத் திறக்கலாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். மனு இல்லாமல் கவுண்ட்டருக்கு வந்து நிற்கிற ஆளை அவர் பார்க்கிற பார்வை.

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்ய முடியாது. முறைன்னு ஒண்ணு இருக்கு."

அவர் கொள்முதல் பிரிவில் கண்காணிப்பாளர். ஒரு குண்டூசி வாங்குவதானாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்காமல் வாங்க மாட்டார். அலுவலகத்தில் அவருக்கு 'முறைப்படி' என்று பட்டப்பெயர். அதை இன்றுவரை அவர் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. பெயர், 'சாப்பாட்டு அறை ஒளியூட்டல் மற்றும் அழகுபடுத்தல் சிக்கனத் திட்டக் குழு.' பெயரை வாசித்து முடிப்பதற்குள் டீயில் ஆடை படிந்துவிட்டது. வீட்டுக்காரர் தலைவர். ஒரு சோப்பைக் காகிதம்போல் ஆகும்வரை தேய்க்கிறவர் என்பதால் அக்கா நிதி உறுப்பினர். வீட்டு அலங்கார வீடியோக்களை விடாமல் பார்ப்பதால் மகள் தொழில்நுட்ப ஆலோசகர். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குச் சிறப்பு அழைப்பாளர் பதவி கொடுத்தார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கூட்டத்துக்கு வரலாம், ஓட்டு கிடையாது, டீ போட வேண்டும் என்று தலைவர் விளக்கினார். சாப்பாட்டு அறை இருட்டாக இருந்ததால் கூட்டத்தை ஹாலில் வைத்துக்கொண்டோம்.

டீயைக் கொடுத்த கையோடு பீரோ விஷயத்தை மறுபடி எடுத்தேன். இந்தக் குழு ஒளி சம்பந்தப்பட்டது, பீரோ மரச்சாமான் சம்பந்தப்பட்டது, அது நம் வரம்புக்குள் வராது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். அது இரும்பாயிற்றே என்றேன். அதனால்தான் இன்னும் சிக்கல் என்றார். அக்காவுக்கு வேறு கவலை. "பீரோவை நகர்த்த ஒரு செலவும் இல்லையே. செலவே இல்லாத திட்டத்துல நான் எதைச் சிக்கனம் பண்றது?" என்று கேட்டார். தலைவர் அதை நியாயமான ஆட்சேபம் என்று குறித்துக்கொண்டார்.

மகள் போனை நீட்டிப் படம் காட்டினாள். இப்போது கலர் எல்லாம் போய்விட்டதாம். வெள்ளைதான். வெள்ளைச் சுவர், வெள்ளை மேசைவிரிப்பு, வெள்ளை நாற்காலி உறை, நடுவில் ஒரு ஜாடி, ஜாடியில் ஒரு காய்ந்த குச்சி. எதுவும் இல்லாமல் இருப்பதுதான் அழகாம். எத்தனையோ படம் பார்த்தேன், ஒன்றிலாவது யாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. இவங்க உப்பு டப்பாவை எங்கே வைப்பாங்க என்று கேட்டேன்.

"அவங்க உப்பே சேர்த்துக்கறதில்லைம்மா."

குழு ஒரு மனதாக வெள்ளையை ஏற்றுக்கொண்டது. சிறப்பு அழைப்பாளர் டம்ளர்களைக் கழுவப் போனார்.

பெயிண்ட் கடையில் விசிறி மாதிரி விரியும் நிற அட்டை முழுக்க வெள்ளை. முதல் மழை, நிலவின் மூச்சு, மௌனம், அன்னத்தின் கனவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுல விலை குறைஞ்ச வெள்ளை எது?" என்றார்.

"அதுக்குப் பேர் கிடையாதும்மா" என்றார் கடைக்காரர்.

"பேரில்லாததையே குடுங்க."

மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது. ஆபீஸ்காரர்களோடு பழகிய மனிதர். மேசையைத் திறந்து மூன்று கடைப் பெயரில் மூன்று பில் புத்தகம் எடுத்தார். மூன்றையும் அவரே எழுதினார். நாணயஸ்தர், ஒவ்வொன்றுக்கும் பேனாவை மாற்றினார். வீட்டுக்காரர் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, போட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று திருப்தியானார். வெள்ளை விரிப்பும், வெள்ளை நாற்காலிகளும், நிலைக்கண்ணாடியும், தலைக்கு மேல் தொங்கும் மூன்று விளக்கும் அதே ஆரோக்கியமான போட்டியில் வாங்கப்பட்டன.

எதுவும் இல்லாமல் இருப்பதுதான் அழகு என்பதால், அறையில் இருந்ததெல்லாம் வெளியேற வேண்டியதாயிற்று. அரிசி டிரம் அக்காவின் அறைக்குப் போனது. கிரைண்டரும் வெங்காயக் கூடையும் மகளின் கட்டிலைப் பிடித்துக்கொண்டன. பழைய நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி டிவியை மறைத்தன. பீரோ மட்டும் அசையவில்லை. அதுதான் வரம்புக்குள் வராதே.

பெயிண்டர் வந்தார். பீடியைக் காதில் செருகிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த வேலை உத்தரவில் நான்கு சுவரும் என்று இருக்கிறது, பீரோவுக்குப் பின்னால் இருப்பதும் சுவர்தானே, அதையும் அடித்தால்தான் அளவுக்குக் கூலி வரும் என்றார். சட்டப்படி அதை மறுக்க முடியவில்லை. தலைவர் தற்காலிக அனுமதி கொடுத்தார். இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். பீரோ பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது. பெயிண்டர் சுரண்டுவதற்கு வசதியாக ஜன்னலின் கொக்கியைத் தட்டிக் கதவை இழுத்தார்.

வெயில் உள்ளே வந்தது. கேட்காமல், அனுமதி வாங்காமல், மேசை, தரை, எதிர்ச்சுவர் வரைக்கும் வந்து நின்றது. மேசைக் காலில் கொடி மாதிரி ஒரு வேலைப்பாடு இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம். அக்காவின் மூக்கின்மேல் ஒரு மச்சம் இருப்பதைக்கூட அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்காரர் நெற்றியில் கை வைத்து மறைத்துக்கொண்டு, "யாரு பகல்ல லைட்டைப் போட்டது?" என்று கேட்டார்.

இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. "இப்படியே விட்டுடலாங்க" என்றேன்.

அவர் கொஞ்சம் தயங்கினார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்துக் கடைசி வரியைக் காட்டினார். வேலை முடிந்ததும் சாமான்களைப் பழைய இடத்தில் பழையபடி வைக்க வேண்டும் என்று இருந்தது.

"கையெழுத்துப் போட்டாச்சு."

"போட்டது நீங்கதானே?"

"அதனாலதான் மீற முடியாது."

அக்காவும் சேர்ந்துகொண்டார். வெயில் சும்மா வருகிறதென்றால் வாங்கிவைத்த மூன்று விளக்கும் வீண் செலவு என்று ஆகிவிடும், நிதி உறுப்பினர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்றார். வெள்ளை காய்ந்ததும் பீரோ பழைய இடத்துக்குப் போனது. பெயிண்டர் இரண்டு தள்ளலுக்கும் தனித்தனியாகக் கூலி வாங்கிக்கொண்டார்.

பால் மாதிரி இருந்த அறையில் துருப்பிடித்த பீரோ மட்டும் கண்ணை உறுத்தியது. அதற்கும் தொழில்நுட்ப ஆலோசகரிடம் வழி இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் வரவழைத்தாள். திறந்த ஜன்னல் படம். வெளியே கடல், கடல்மேல் உதயசூரியன், ஓரத்தில் பறக்கிற திரைச்சீலை. சுருக்கம் விழாமல் பீரோ கதவில் ஒட்டினார்கள். ஆக, சுவரில் ஜன்னல், ஜன்னலுக்கு முன்னால் பீரோ, பீரோவின் மேல் ஜன்னல். வீட்டுக்காரர் பின்னால் நகர்ந்து நின்று ரசித்தார்.

"என்ன இருந்தாலும், ஜன்னல் இருந்தா ரூமுக்கே ஒரு களைதான்" என்றார்.

அக்கம்பக்கத்தில் சேதி பரவியது. செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அக்காதான் சுற்றிக் காட்டுவார். எதிர்வீட்டுக்காரி ஜன்னலை மெச்சி, காற்று வருமா என்று கேட்டாள். ஃபேன் போட்டால் வரும் என்றார் அக்கா. அடுத்த வாரமே அவர்கள் வீட்டிலும் நிஜ ஜன்னலை அடைத்துவிட்டு மலையருவி ஒட்டியிருப்பதாகக் கேள்வி.

பார்வையாளர் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் மேசையில் நாலு தட்டை வைத்தேன். நாலு. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன் என்றால் சிரிக்கக் கூடாது. மூன்று பேரையும் பேர் சொல்லாத குறையாகக் கூப்பிட்டேன். மூன்று பேரும் வந்தார்கள், உட்கார்ந்தும் விட்டார்கள். நான் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியை மிதித்தேன்.

"நில்லு" என்றார் அக்கா.

நின்றேன்.

"அது செவப்பா இருக்கு."

குழம்பு அப்படித்தான் இருக்கும் என்றேன். மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள், விரிப்பைப் பார்த்தார்கள், சட்டியைப் பார்த்தார்கள். அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது. நிறமுள்ள திரவங்கள், எண்ணெய்ப் பண்டங்கள், சூடான பாத்திரங்கள் இந்த அறைக்குள் தடை செய்யப்பட்டன. வெறும் சோறு, தயிர், பால், அவித்த முட்டை அனுமதிக்கப்பட்டன. மஞ்சள் கருவை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும்.

வீட்டுக்காரர் அன்று தயிர் போட்ட வெறும் சோற்றையும் முட்டை வெள்ளையையும் முறைப்படி சாப்பிட்டார். மறுநாள் அவர் நாக்கு செத்துவிட்டது. தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டு டிவி பக்கம் போனார், நாற்காலி மலை மறித்தது. மகள் கட்டிலுக்குப் போனாள், கிரைண்டர் படுத்திருந்தது. அக்கா தன் அறையில் அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்ச நேரம் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். கடைசியில் மூன்று பேரும் தட்டும் கையுமாகச் சமையலறைக்கு வந்து சேர்ந்தார்கள். போக வேறு இடம் இல்லை.

தரையில் உட்கார்ந்தோம். முட்டியோடு முட்டி இடித்தது. ஒருவர் எச்சில் கையை நீட்டினால் அடுத்தவர் தட்டில்தான் படும். மகள் வேலைக்கான நேர்காணலை நினைத்தால் ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று சொன்னாள். இத்தனை நாள் அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்காரர் தன் பங்கு அப்பளத்தைப் பாதி உடைத்து, சின்ன வயசுப் பழக்கம் போலிருக்கிறது, பேசாமல் அக்கா தட்டில் போட்டார். அக்கா குழம்பை இன்னொரு கரண்டி கேட்டார். கேட்டுவிட்டு, வாய் தவறிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். நான் எங்கேயோ பார்ப்பதுபோல ஊற்றினேன்.

அப்படியே நாள்கள் ஓடின. எனக்கு வேறு என்ன வேண்டும்?

ஆனால் நல்லது நடந்தால் எனக்குத்தான் பொறுக்காதே, உடனே ஒரு பயம் வந்துவிடும். பயந்தபடியே நடந்தது. எங்கள் சமையலறை பல்ப், சாப்பாட்டு அறையிலிருந்து ஓய்வு பெற்று வந்த அதே பல்ப். ஒரு ராத்திரி வீட்டுக்காரர் மறுபடி மிளகாயைக் கடித்தார். தண்ணீர் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "இங்கயும் இருட்டாத்தான் இருக்கு. ஒரு குழு போட்டா…" என்று ஆரம்பித்தார். கிச்சனுக்கு இப்போது சாம்பல் நிறம்தான் என்று மகள் போனைத் துழாவினாள். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதையும் அழகாக்கிவிட்டால் நாலு தட்டும் மறுபடி நாலு திக்குக்குப் போய்விடும். என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை. இவரோடு குடித்தனம் பண்ணியதில் ஒட்டிக்கொண்டது தானாக வாயில் வந்தது.

"எழுத்து மூலமா குடுங்க" என்றேன்.

அவர் திகைத்தார். பிறகு ஆர்வமாகப் போய் எழுதிக்கொண்டு வந்தார். வாங்கிப் பார்த்துவிட்டு, இணைப்பு எதுவும் இல்லையே என்றேன். இணைப்பும் கொண்டுவந்தார். நாலாக மடித்து, ஆடுகிற முக்காலிக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன். அடுத்த வாரம் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். அதற்கடுத்த வாரம் கேட்டார். சில விளக்கங்கள் தேவைப்படுகின்றன என்றேன். மேலிடத்துக்குப் போயிருக்கிறது என்று சொன்ன நாளில் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோபமே இல்லை. வேலை தெரிந்த மேலதிகாரி முன்னால் நிற்கிற பவ்யம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக, "சரிங்க" என்றார்.

புது பல்ப் ஒன்று ஏற்கனவே வாங்கி, மேல் தட்டில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நல்ல பிரகாசமான பல்ப். உத்தரவு வராமல் மாட்ட முடியாது. உத்தரவு போட வேண்டியவள் இப்போது மிகவும் வேலையாக இருக்கிறாள். நாளைக்கு வந்து பார்க்கவும்.