ஜெட்டி பாயும் ஒரு கடலோர கவுன்சிலும்

ஆஸ்திரேலியாவில் ஒரு டவுன் கவுன்சிலை துபாயில் இருந்தபடியே கட்டி மேய்த்த ஒரே மனிதர் எங்கள் ஜெட்டி பாய்தான். இதை மறுப்பவர்கள் அவரோடு ஒரே ரூமில் குடியிருந்ததில்லை என்று அர்த்தம்.

துபாயின் அல் குசைஸ் ஏரியாவில் நாங்கள் ஆறு பேர் இருந்த ரூமில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரைக்காரர். கார் உதிரிபாகக் கடையில் வேலை. மத்தியானம் கடையைச் சாத்தியதும் சாப்பிட ரூமுக்கு வந்துவிடுவார். ஜெட்டி என்றால் படகுத்துறை, கடலுக்குள் நீண்டு போகிற மரப்பாலம். புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டதும் அவரை உள்ளாடை வியாபாரி என்று நினைத்து சைஸ் சொல்லிவிடுவார்கள். "நான் சொல்றது கடல்ல இருக்குறது தம்பி, இடுப்புல இருக்குறது இல்ல" என்று பாய் பொறுமையாக விளக்குவார்.

எல்லாம் அவருடைய தங்கை மகனால் வந்தது. ஆஸ்திரேலியாவின் தென்பக்கம் ஒரு சின்னக் கடலோர ஊரில் அவனுக்கு வேலை. ஒருநாள் அந்த ஊர் ஜெட்டியில் நடந்தபடி மாமாவுக்கு வீடியோ கால் போட்டவன், உளுத்த பலகையில் கால் வைத்து முட்டிவரை உள்ளே போய்விட்டான்.

"இதுக்கு யாருடா பொறுப்பு?" என்று பாய் பதறினார்.

மாதாமாதம் கவுன்சில் கூட்டம் உண்டு, ஆன்லைனில் சேர்ந்து கேள்வி கேட்கலாம் என்று அவன் விளையாட்டாக லிங்க் அனுப்பிவைத்தான்.

"கேட்டா பதில் சொல்லுவாங்களாமே" என்று பாய் அன்று முழுக்க எங்களிடம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்திலேயே சேர்ந்துவிட்டார். அங்கே இரவு தொடங்கும்போது இங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. கட்டிலில் சம்மணமிட்டு, போனைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொள்வார். பெயர் கேட்ட இடத்தில் 'அல் குசைஸ்' என்று ஏரியாவைப் போட்டிருந்தார். கவுன்சில் தலைவரம்மா அதன் முதல் பாதியைப் பெயரென்று நினைத்து, "யெஸ், ஆல்?" என்று செல்லமாக அழைத்தார்.

"மேடம், லாஸ்ட் மீட்டிங் யூ சே நெக்ஸ்ட் மீட்டிங். நவ் நெக்ஸ்ட் மீட்டிங் கம். பிளாங்க் நோ கம். ஒய்?"

பலகையோடு விளக்கையும் கேட்கத் தொடங்கினார். விளக்குக்குப் பிறகு மீன் கழுவும் இடத்தில் குழாய். தங்கை மகன் வேலை மாறி வேறு ஊருக்கே போய்விட்டான். பாய் விடவில்லை. "அவன் போனா என்ன? ஜெட்டி அங்கதான இருக்கு" என்றார்.

இத்தனைக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் செத்துக் கிடந்தது. நாங்கள் இருந்தது நாலாவது மாடி. "இதையும் கொஞ்சம் கேளுங்களேன் பாய்" என்றேன்.

"அங்க கேட்டா பதில் வரும் தம்பி. இங்க கேட்டா ரூமைக் காலி பண்ணச் சொல்லுவான்."

ஒரு கூட்டத்தில், பழுது பார்க்கக் கட்டுப்படியாகாது, ஜெட்டியையே மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பாய் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். அங்கே தூண்டில் போடும் வயசாளிகள் எங்கே போவார்கள் என்று தன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். தலைவரம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் எந்தத் தெரு, ஆல்?" என்றார்.

ரூமில் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினோம். ஏதாவது ஒரு தெருவைச் சொல்லும்படி பக்கத்துக் கட்டில் முருகேசன் ஜாடை காட்டினான்.

"துபாய், மேடம்."

அங்கே கூட்டத்தில் தொப்பி போட்ட ஒரு கிழவர் எழுந்தார். இந்த ஆள் ஒரு கூட்டம்கூட விட்டதில்லை, இந்த ஊர்க்காரர்களில் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, முதலில் அவருக்குப் பதில் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சத்தம் போட்டார். முடிவு தள்ளிப்போனது. சில மாதங்களில் புதுப் பலகையும் அடித்துவிட்டார்கள். பாய் எங்கள் எல்லோருக்கும் தன் ஊர் இனிப்பான வட்டிலப்பம் செய்து போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் முருகேசன் கட்டட வேலை சைட்டில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். மாவுக்கட்டோடு இருந்தவனை, ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் நாற்காலியில் வைத்து நாலு மாடியும் தூக்கினோம். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்ற பாய், இஸ்திரிச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டட மேனேஜரிடம் கிளம்பினார். துணைக்கு நானும் போனேன்.

"சார், நோ ஃபைட்டிங். ஒன்லி கொஸ்டின். லிஃப்ட், விச் டே?"

"ஹோ ஜாயேகா பாய், ஜாவ்" என்று, ஆகிவிடும் போ என்பதை இந்தியில் சொன்னார் மேனேஜர், தலையைத் தூக்காமல்.

"ஓகே சார். விச் டே?"

அவர் முறைத்தார். பாய் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, டீ வந்தபோதும் கேட்டார், போன் வந்தபோதும் கேட்டார். கடைசியில் இவரைக் கிளப்பினால் போதும் என்று மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். ரூமைக் காலி பண்ணச் சொல்ல அவருக்கு ஞாபகமே வரவில்லை.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முருகேசனைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு, "முதல்ல நான் ஏறிப் பாக்குறேன்" என்று பாய் தனியாக ஏறினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. நாங்கள் படியில் ஓடிப்போய்க் கதவைத் தட்டினோம்.

"பதறாதீங்கப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "முருகேசன் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. யாராவது போயி அவனுக்குச் சோறு குடுங்க."

ஒருவன் சோறு எடுத்துக்கொண்டு கீழே போனான். மற்றவர்கள் அந்தக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, மெக்கானிக் வந்து அவரை வெளியே எடுக்கும்வரை, அவரைப் பேசவைத்துக்கொண்டே இருந்தோம்.